18 டிபி சிடி, எம்ஆர்ஐ படங்கள்: எஸ்3-ல் தானாக அடுக்கு மாறும்படி அமைப்பது எப்படி?

பேக்ஸ்_மேசை:

வணக்கம். ஸ்கேன் மையம் ஒன்றின் 7 வருடப் படங்கள், மொத்தம் 18 டிபி, நாஸ் பெட்டியிலிருந்து (மையத்தின் நெட்வொர்க் டிஸ்க்) ஏடபிள்யூஎஸ் எஸ்3-க்கு (அமேசானின் மேகச் சேமிப்பு) ஏற்றியாகிவிட்டது. ஏற்றி முடித்து இரண்டு வாரம் ஆகிறது. மும்பை ரீஜன், ஒரே பக்கெட் (எஸ்3-ல் பைல்களை வைக்கும் கொள்கலன்), எல்லாம் ஸ்டாண்டர்டு கிளாஸ், அதாவது மேலடுக்கு. வெர்ஷனிங் (மாற்றினாலும் அழித்தாலும் பழைய பிரதியை உள்ளே வைத்திருக்கும் வசதி) ஆன் செய்திருக்கிறது.

உள்ளே இருப்பது இரண்டு வகை. சிடி ஸ்லைஸ் (ஒரு குறுக்குவெட்டுப் படம்) சுமார் 5 கோடி பைல், சராசரி 280 கேபி. எம்ஆர்ஐ ஸ்லைஸ் சுமார் 7 கோடி, சராசரி 60 கேபி. இரண்டும் லாஸ்லெஸ் கம்ப்ரஸ் செய்தவை. ஸ்டடி (ஒரு நோயாளிக்கு ஒருமுறை எடுத்த ஸ்கேனின் மொத்தப் படங்கள்) கணக்கில் சொன்னால் சுமார் 1.5 லட்சம். பைல் பெயர்கள் பேக்ஸ் (ஸ்கேன் படங்களைச் சேமித்து டாக்டருக்குக் காட்டும் மென்பொருள்) கொடுத்த யூயூஐடி (தானாக உருவான நீண்ட அடையாளக் குறி) என்பதால் பெயரைப் பார்த்து சிடியா எம்ஆரா, எந்த வருடம் என்று எதுவும் தெரியாது.

போட நினைக்கும் லைஃப்சைக்கிள் ரூல் (நாள் கணக்குப்படி பைலைத் தானாக வேறு அடுக்குக்கு நகர்த்தும் விதி) இது: 30 நாளில் ஸ்டாண்டர்டு-ஐஏ, 90 நாளில் கிளேசியர் இன்ஸ்டன்ட் ரிட்ரீவல், 180 நாளில் கிளேசியர் டீப் ஆர்கைவ். இந்த மூன்று படி சரியா? அல்லது இன்டெலிஜென்ட்-டியரிங் (பயன்பாட்டைப் பார்த்து எஸ்3 தானே அடுக்கு மாற்றும் முறை) போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? நோயாளி ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தால் டாக்டர் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

ரூலை இன்னும் போடவில்லை என்றால் இப்போதைக்குப் போடாதீர்கள் சார். உங்கள் பிரச்சினை 18 டிபி அல்ல, 12 கோடி. எஸ்3-ல் ஒரு பைலை ஓர் அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்த ஜிபிக்குக் காசு இல்லை, எண்ணிக்கைக்குத்தான் காசு. கீழே போடுவதெல்லாம் அமேசானின் வட வர்ஜீனியா (அமெரிக்கா) ரீஜனின் பட்டியல் விலை. மும்பையில் வேறுபடும், கால்குலேட்டரில் ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆயிரம் பைலை நகர்த்த ஐஏ-வுக்கு 0.01 டாலர், இன்ஸ்டன்ட் ரிட்ரீவலுக்கு 0.02, டீப் ஆர்கைவுக்கு 0.05. சிடியின் 5 கோடி பைலுக்கு மட்டும் முதல் படி 500 டாலர், இரண்டாவது 1,000, மூன்றாவது 2,500. ஆக 4,000 டாலர். இப்போது 18 டிபியையும் ஸ்டாண்டர்டில் வைத்திருக்க மாதம் ஆவது 414 டாலர்தான்.

முதல் படியைத் தனியாகப் பாருங்கள். ஸ்டாண்டர்டு ஜிபிக்கு மாதம் 0.023, ஐஏ 0.0125. சிடியின் 14 டிபிக்கு மாதம் 147 டாலர் மிச்சம். உங்கள் ரூல்படி பைல் ஐஏ-வில் இருக்கப்போவது 60 நாள், அதாவது 294 டாலர் மிச்சம். அதற்காக நகர்த்துக் கூலி 500. அந்தப் படி நேரடி நஷ்டம். 30, 90, 180 என்ற வரிசையைப் பல வழிகாட்டிகளில் மாதிரியாகக் காட்டுவதால் எல்லோரும் அப்படியே எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அது பெரிய பைல்கள், குறைந்த எண்ணிக்கை என்ற நிலைக்குத்தான் பொருந்தும்.

இன்னொன்று, லைஃப்சைக்கிள் பார்ப்பது பைலின் வயதை. யார் கடைசியாக எப்போது திறந்தார்கள் என்பது அதற்குத் தெரியாது. அந்த வயதும் பக்கெட்டில் ஏறிய நாளிலிருந்துதான் எண்ணப்படும். 7 வருடத்துக்கு முந்தைய ஸ்கேனும் உங்கள் பக்கெட்டில் இப்போது இரண்டு வாரக் குழந்தை. அதனால் பழையது முதலில், புதியது பிறகு என்று படிப்படியாக நகராது. ஏற்றிய வேகத்தில் மொத்தமும் ஒரே வாரத்தில் நகரும், கூலியும் ஒரே மாத பில்லில் வந்து விழும்.

டைகாம்_தச்சன்:

மேலே சொன்னதோடு எம்ஆர்ஐ விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது இன்னும் மோசம்.

எம்ஆர்ஐ ஸ்லைஸ் ஒன்று வழக்கமாக 256 × 256 பிக்சல், பிக்சலுக்கு 2 பைட். பெருக்கினால் 1,31,072 பைட். அதுதான் சரியாக 128 கேபி. கம்ப்ரஸ் செய்யாமல் விட்டிருந்தால் ஹெடரோடு (பைலின் தொடக்கத்தில் இருக்கும் விவரப் பகுதி) சேர்த்து 128-ஐ ஒரு நூலிழை தாண்டியிருக்கும். லாஸ்லெஸ் கம்ப்ரஸ் செய்ததால் 60 கேபிக்கு வந்துவிட்டது. 2024 செப்டம்பருக்குப் பிறகு எழுதுகிற லைஃப்சைக்கிள் ரூல்களில் 128 கேபிக்குக் கீழே உள்ள எந்தப் பைலும் தானாக எந்த அடுக்குக்கும் நகராது. அதுதான் இயல்பு அமைப்பு. எனவே 7 கோடி எம்ஆர்ஐ பைலும் ஸ்டாண்டர்டிலேயே உட்கார்ந்திருக்கும். எரர் எதுவும் வராது. ரூல் 'எனேபிள்டு' என்றே காட்டும், பில் மட்டும் குறையாது.

அளவு வடிகட்டியைப் போட்டு வலுக்கட்டாயமாக நகர்த்தலாம். ஆனால் ஐஏ, இன்ஸ்டன்ட் ரிட்ரீவல் இரண்டிலும் 60 கேபி பைலுக்கு 128 கேபி என்றுதான் பில் போடுவார்கள், 4.2 டிபி இருக்கிற இடத்தில் 9 டிபிக்குக் காசு. டீப் ஆர்கைவில் பைலுக்கு 40 கேபி மேல்சுமை: 32 கேபி டீப் ஆர்கைவ் விலையில், 8 கேபி (பைலின் பெயரும் விவரமும்) ஸ்டாண்டர்டு விலையில். 7 கோடிக்குக் கணக்குப் போட்டால் படமும் 32 கேபி பங்கும் சேர்ந்து மாதம் சுமார் 6.40 டாலர், அந்த 8 கேபி மட்டும் சுமார் 13 டாலர். படத்தை விட அதன் பெயர்ச்சீட்டுக்கு இரண்டு மடங்கு வாடகை. இதற்கு நகர்த்துக் கூலி 3,500 டாலர் வேறு.

எனவே முதலில் கட்டு கட்டுங்கள். ஒரு ஸ்டடிக்கு ஒரு ஜிப். 12 கோடி பைல் 1.5 லட்சமாகச் சுருங்கும், சராசரி 120 எம்பி. 1.5 லட்சத்தை இன்ஸ்டன்ட் ரிட்ரீவலில் எழுத 3 டாலர். டீப் ஆர்கைவுக்கே போனாலும் 7.50 டாலர்.

கட்டும்போது பார்க்க வேண்டியவை சில. ஜிப்பை 'ஸ்டோர்' (அழுத்தாமல் கட்டும்) முறையில் போடுங்கள்; படங்கள் ஏற்கெனவே கம்ப்ரஸ் ஆனவை, மறுபடி அழுத்தினால் சிபியூ நேரம்தான் வீண். ஜிப்பின் பட்டியல் கடைசியில் இருப்பதால் ஒரே ஒரு சீரிஸ் (ஸ்டடிக்குள் ஒரு படத்தொகுப்பு) வேண்டுமென்றால் ரேஞ்ச் கெட் (பைலின் ஒரு பகுதியை மட்டும் கேட்கும் கோரிக்கை) வைத்து அந்தத் துண்டை மட்டும் எடுக்கலாம். டார் பைலில் இதற்குத் தனி இண்டெக்ஸ் வைக்க வேண்டும். 4 ஜிபியைத் தாண்டும் கார்டியாக் சிடி மாதிரி ஸ்டடிகளுக்கு ஜிப்64 (பெரிய பைல்களுக்கான ஜிப் வடிவம்) கட்டாயம். பழைய ஜிப் லைப்ரரிகள் இங்கேதான் முறிகின்றன.

பைல் பெயரை வருடத்தில் தொடங்குங்கள்: 2019/சிடி/03/ஸ்டடி யூஐடி என்ற வரிசையில். வருடம் டைகாம் (மருத்துவப் படங்களுக்கான பைல் வடிவம்) ஹெடரில் 0008,0020 என்ற புலத்தில் இருக்கும் ஸ்டடி தேதியிலிருந்து, வகை 0008,0060-லிருந்து. ரூலின் ப்ரிஃபிக்ஸ் பெயரின் தொடக்கத்தை மட்டும்தான் பார்க்கும். வருடம் நடுவில் இருந்தால் '2019 படங்கள் மட்டும்' என்று ப்ரிஃபிக்ஸை வைத்து ஒரே ரூலில் எழுத வழியில்லை. நோயாளி பெயரையோ ஐடியையோ பைல் பெயரில் சேர்க்கவே கூடாது. பைல் பெயர் அக்சஸ் லாக் (யார் எதைத் திறந்தார் என்ற பதிவு), இன்வென்டரி (பக்கெட்டின் பைல் பட்டியல் அறிக்கை) என்று பல இடங்களில் திறந்த எழுத்தாகப் போய் விழும்.

ஓட்டுகிற இடமும் முக்கியம். அதே ரீஜனில் ஒரு இசி2 மெஷின் (அமேசானின் வாடகைக் கணினி), விபிசி-யில் (அது இருக்கும் தனி நெட்வொர்க்) எஸ்3-க்கான நேர்வழியாக ஒரு கேட்வே எண்ட்பாயிண்ட். அதற்குக் கட்டணம் இல்லை. எண்ட்பாயிண்ட் போடாமல் நாட் கேட்வே (வெளி இணையத்துக்குப் போகும் கட்டண வாசல்) வழியாகப் போனால் ஜிபிக்கு 0.045 டாலர், 18 டிபி படிக்க 810 டாலர். 12 கோடி கெட் (பைலைப் படிக்கும்) கோரிக்கைக்கு 48 டாலர்தான் ஆகும். பக்கெட் கேஎம்எஸ் (அமேசானின் சாவிச் சேவை) சாவியால் என்க்ரிப்ட் ஆகி, பக்கெட் கீ (சாவி அழைப்புகளைக் குறைக்கும் வசதி) அணைந்திருந்தால், 12 கோடி டிக்ரிப்ட் அழைப்புக்குத் தனியாக 360 டாலர் வரும். தொடங்குவதற்கு முன் இந்த இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

பேக்ஸ்_மேசை:

மிக்க நன்றி. கணக்கு தெளிவாகிவிட்டது. இரண்டு சந்தேகம். யூயூஐடி பெயர்களிலிருந்து எது எந்த ஸ்டடி என்று எப்படிப் பிரிப்பது, 12 கோடி ஹெடரையும் படிக்க வேண்டுமா? ஜிப் ஆக்கிவிட்டால் பேக்ஸால் நேரடியாகத் திறக்க முடியாதே, டாக்டர் கேட்கும்போது என்ன செய்வது?

டைகாம்_தச்சன்:

எந்தப் பைல் எந்த ஸ்டடி என்பது பேக்ஸின் டேட்டாபேஸில் இருக்கிறது. அதை எக்ஸ்போர்ட் எடுத்தாலே போதும். ஆர்த்தாங்க் (இலவச டைகாம் சர்வர் மென்பொருள்) பயன்படுத்துபவர்களுக்கு ஸ்டடியை முழு ஜிப்பாகக் கொடுக்கும் வழி அதன் ரெஸ்ட் ஏபிஐ-யிலேயே உண்டு. டேட்டாபேஸ் கிடைக்காத பழைய பகுதிக்கு மட்டும் ஹெடரைப் படியுங்கள். அப்போதும் முழுப் பைலை இறக்க வேண்டியதில்லை. ஸ்டடி யூஐடி, தேதி, வகை எல்லாம் பிக்சல் தரவுக்கு முன்னாலேயே வந்துவிடும்.

சரிபார்க்காமல் ஒன்றையும் அழிக்காதீர்கள். டேட்டாபேஸ் ஒரு ஸ்டடியில் 812 படம் என்று சொன்னால் ஜிப்பின் பட்டியலிலும் 812 இருக்க வேண்டும். 811 என்றால் அந்த ஸ்டடி தனி வரிசைக்குப் போய் நிற்க வேண்டும், அதன் மூலப் பைல்கள் அப்படியே இருக்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் எஸ்ஹெச்ஏ-256 (பைல் மாறியதா என்று காட்டும் கைரேகை போன்ற எண்) எழுதிய ஒரு சிறு பட்டியலையும் ஜிப்புக்குள் வையுங்கள்.

பேக்ஸ் விஷயத்துக்கு: பேக்ஸ் தன் உள்ளூர் டிஸ்க்கில் அண்மைய 6 மாதமோ 12 மாதமோ வைத்துக்கொள்ளட்டும். எஸ்3-ல் இருப்பது ஆவணக்கிடங்கு. மறுநாள் அப்பாயின்ட்மென்ட் பட்டியலை இரவே எடுத்து, அந்த நோயாளிகளின் பழைய ஸ்டடிகளை இறக்கி, ஜிப்பைப் பிரித்து, சி-ஸ்டோர் (டைகாம் படங்களை அனுப்பும் கட்டளை) மூலம் பேக்ஸுக்குள் அனுப்பிவிட்டால் காலையில் டாக்டர் உட்காரும்போது படம் தயாராக இருக்கும். முன்பதிவு இல்லாமல் வருபவர்களுக்கு ரிசப்ஷனில் பதிவு போட்டவுடன் அதே வேலை தொடங்கினால் போதும்.

ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள்: பேக்ஸ் நேரடியாகப் படிக்கிற பக்கெட்டில் டீப் ஆர்கைவ் ரூல் போடுவது. பைல் பட்டியலில் தெரியும், திறந்தால் 403, 'இன்வேலிட் ஆப்ஜெக்ட் ஸ்டேட்' என்று வரும். பல வியூயர்கள் இதை 'படம் சிதைந்துள்ளது' என்று காட்டுவதால் தேடுபவர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

கணக்குப்பிள்ளை:

எந்த அடுக்கு என்பதற்கு வருகிறேன். ஜிப்பாகக் கட்டிய பிறகு 18 டிபி முழுதும் இன்ஸ்டன்ட் ரிட்ரீவலில் இருந்தால் மாதம் 72 டாலர். மில்லிசெகண்டில் திறக்கும். வெளியே எடுக்க ஜிபிக்கு 0.03 டாலர், 120 எம்பி ஸ்டடி ஒன்றுக்கு அரை சென்ட்டுக்கும் கீழே. டாக்டர் பழைய படம் கேட்கிற மையத்துக்கு இதுவே என் தேர்வு.

டீப் ஆர்கைவ் ஜிபிக்கு 0.00099. பழைய 10 டிபியை அங்கே தள்ளினால் மாதம் இன்னும் 30 டாலர் மிச்சம். ஆனால் திரும்ப எடுக்க ஸ்டாண்டர்டு முறையில் 12 மணி நேரம், பல்க் முறையில் 48 மணி நேரம் வரை ஆகும். எடுத்த நகல் தற்காலிகமானது. கேட்கும்போது கொடுத்த நாள் எண்ணிக்கை முடிந்ததும் மறைந்துவிடும், அதுவரை இரண்டு இடத்துக்கும் காசு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள்படி உள்நோயாளி ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். 12 மணி நேரம் அதற்குள் அடங்கும். பல்க்கில் 48 போய், பிறகு பிரித்து, டிஸ்க் எழுதி, ஞாயிற்றுக்கிழமை நடுவில் வந்துவிட்டால் இடிக்கும். ஐந்து வருடத்துக்கு மேற்பட்டதை மட்டும் டீப் ஆர்கைவில் வைத்து, எடுக்கும்போது எப்போதும் ஸ்டாண்டர்டு முறையில் எடுப்பது பாதுகாப்பு.

இன்டெலிஜென்ட்-டியரிங் கேட்டிருந்தீர்கள். அது உண்மையில் பயன்பாட்டைப் பார்க்கிறது: 30 நாள் தொடாவிட்டால் ஓர் அடுக்கு கீழே, 90 நாள் தொடாவிட்டால் இன்ஸ்டன்ட் விலைக்கு இறங்கும், எடுப்பதற்குக் கட்டணம் கிடையாது. கண்காணிப்புக்கு ஆயிரம் பைலுக்கு மாதம் 0.0025 டாலர். ஜிப்பாகக் கட்டாமல் போட்டால் சிடிக்கு மட்டும் மாதம் 125 டாலர் கண்காணிப்பு, எம்ஆர்ஐ 128 கேபிக்குக் கீழே என்பதால் எப்போதும் மேலடுக்கு விலை. கட்டிய பிறகு 1.5 லட்சத்துக்கு 40 சென்ட்டுக்கும் கீழே. எனவே கட்டிய பிறகு இதுவும் நல்ல வழிதான், குறிப்பாகக் கடைசி இரண்டு வருடப் படங்களுக்கு. ஒரே எச்சரிக்கை: மொத்தப் பைலையும் படிக்கிற வைரஸ் ஸ்கேனோ செக்சம் (பைல் சரிபார்ப்பு) வேலையோ மாதம் ஒருமுறை ஓடினால் எல்லாம் மேலடுக்குக்கு ஏறிவிடும், மாதம் 414 டாலரில் போய் நிற்கும். ஹெட் (பைலின் விவரம் மட்டும்), லிஸ்ட் (பட்டியல்) கோரிக்கைகளால் ஏறாது. கெட் செய்தால் ஏறும்.

மேகவாசல்:

ரூலை எழுதுகிற பகுதி மட்டும் நான் சொல்கிறேன்.

ஆவணத்துக்குப் புதுப் பக்கெட் போடுங்கள். பழைய 7 வருடக் கட்டுகளை ரூலை நம்பி நகர்த்த வேண்டாம். ஏற்றும்போதே ஸ்டோரேஜ் கிளாஸை இன்ஸ்டன்ட் ரிட்ரீவல் என்று கொடுத்துவிடுங்கள். ஐந்து வருடம் தாண்டியவற்றை நேரே டீப் ஆர்கைவுக்கே எழுதலாம். ரூலில் 1,825 நாள் என்று போட்டால் ஏறிய நாளிலிருந்து எண்ணும், 2018 படம் இன்னும் ஐந்து வருடம் அங்கேயே இருக்கும். அதனால்தான் வருட ப்ரிஃபிக்ஸ்: ஜனவரி தோறும் ஒரு வருடத்தை மட்டும் எடுத்து அதற்கு டீப் ஆர்கைவ் ரூல் ஒன்று சேர்த்தால் முடிந்தது.

புதிதாக வரும் ஸ்டடிகள் ஸ்டாண்டர்டில் ஏறட்டும், 45 நாளில் இன்ஸ்டன்ட் ரிட்ரீவலுக்குப் போகட்டும். உடனே போடாததற்குக் காரணம் இருக்கிறது. இரண்டாம் நாள் கான்ட்ராஸ்ட் சீரிஸ் வந்து சேரும், பெயர்த் திருத்தம் வரும், கட்டை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். இன்ஸ்டன்ட் ரிட்ரீவலில் குறைந்தபட்சம் 90 நாள், டீப் ஆர்கைவில் 180 நாள் வாடகை உண்டு. 10-ஆம் நாள் மாற்றி எழுதினாலும் பழைய கட்டுக்கு மீதி நாளுக்கும் சேர்த்துப் பில் வரும்.

அதே ரூல் தொகுப்பில் இரண்டு சுத்தம் செய்யும் ரூல்களையும் சேருங்கள். பாதியில் நின்ற மல்டிபார்ட் அப்லோடை (பெரிய பைலைத் துண்டு துண்டாக ஏற்றுவது) 7 நாளில் நீக்குவது ஒன்று. நெட் துண்டித்து நின்றுபோன துண்டுகள் பைல் பட்டியலில் தெரியாது, பில்லில் மட்டும் இருக்கும். இந்த ரூலை டேக் (பைலில் ஒட்டும் குறிச்சொல்) வடிகட்டியோடு சேர்த்து எழுத முடியாது, தனி ரூலாக வையுங்கள். மற்றது பழைய வெர்ஷன்களை 30 நாளில் நீக்குவது.

சரிபார்த்து முடித்த பிறகு பழைய பக்கெட்டைக் காலி செய்யவும் லைஃப்சைக்கிள் எக்ஸ்பைரேஷனையே (நாள் முடிந்ததும் பைலை நீக்கும் ரூல்) பயன்படுத்துங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. வெர்ஷனிங் ஆனில் இருப்பதால் எக்ஸ்பைர் ஆனதும் டெலீட் மார்க்கர், அதாவது அழித்ததாகக் காட்டும் குறிதான் விழும், 12 கோடிப் பைலும் பழைய வெர்ஷனாக உள்ளேயே இருக்கும். பழைய வெர்ஷன் ரூலும் இருந்தால்தான் 30 நாள் கழித்து உண்மையில் போகும். அந்த 30 நாள் உங்களுக்கு மீட்பு அவகாசம், நல்லதே. கடைசியில் தனியாக நிற்கும் டெலீட் மார்க்கர்களை நீக்கும் ரூலையும் போடுங்கள். கோர்ட் வழக்கில் இருக்கும் ஸ்டடிகளின் கட்டுகளுக்குப் புதுப் பக்கெட்டில் ஆப்ஜெக்ட் லாக்கின் லீகல் ஹோல்டு (வழக்குக்கான பூட்டு) போட்டுவிட்டால் எந்த நீக்கும் ரூலாலும் அவற்றை நிரந்தரமாக அழிக்க முடியாது. அடுக்கு மாறுவதை அது தடுக்காது.

ரூல் ஓடுவது நாளுக்கு ஒருமுறை, கணக்கு யூடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவு, நமக்குக் காலை 5:30. நாள் எண்ணிக்கை அடுத்த நள்ளிரவுக்கு மேல்நோக்கி முழுமையாகும். 15-ஆம் தேதி பகலில் ஏறிய பைலுக்கு 3 நாள் ரூல் என்றால் 19-ஆம் தேதி யூடிசி 0 மணிதான் தகுதி நேரம். எனவே ரூல் போட்ட மறுநாள் காலையில் பார்த்துவிட்டு வேலை செய்யவில்லை என்று மாற்றாதீர்கள். 10 கட்டை மட்டும் ஒரு சோதனை ப்ரிஃபிக்ஸில் வைத்து, 1 நாள் ரூல் போட்டு, மூன்றாம் நாள் ஹெட் கோரிக்கையில் ஸ்டோரேஜ் கிளாஸ் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாகப் பார்க்க இன்வென்டரி ஆன் செய்யுங்கள்; முதல் அறிக்கை வர 48 மணி நேரம் வரை ஆகும்.

கமாண்ட் லைனில் ரூல் போடுபவர்களுக்கு முக்கியமான ஒன்று: லைஃப்சைக்கிள் அமைப்பைப் புட் செய்தால் (எழுதி அனுப்பினால்) அது பழைய தொகுப்போடு சேராது, முழுவதையும் மாற்றி எழுதும். ஜனவரியில் 2020-க்கான ரூலை மட்டும் எழுதி அனுப்பினால் மல்டிபார்ட் ரூல், வெர்ஷன் ரூல், 45 நாள் ரூல் மூன்றும் சத்தமில்லாமல் போய்விடும். முதலில் இருப்பதை கெட் செய்து பைலில் இறக்கி, அதில் புது ரூலைச் சேர்த்து, முழுப் பைலையும் திரும்ப அனுப்புங்கள். அந்தப் பைலை கிட் (மாற்றங்களின் வரலாற்றை வைக்கும் மென்பொருள்) ஒன்றில் வைத்துக்கொண்டால் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்பதும் தெரியும்.

பேக்ஸ்_மேசை:

நன்றி. முதலில் 2018-இன் ஒரு மாதத்தை எடுத்துக் கட்டி, எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு மீதியைத் தொடங்குகிறேன். நாட் கேட்வேயைப் பார்த்தேன், எஸ்3 போக்குவரத்து அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. எண்ட்பாயிண்ட் சேர்த்து ரூட் டேபிளை மாற்றியாகிவிட்டது.